நாற்பத்தோராம் அரங்கு மக்கள்

அக்காவுக்குப் பேச்சு போன இருபதாவது நாள், அவள் என்னைப் பாட்டாகத் திட்டினாள். "சட்டைய மாத்துடா, நாத்தம் தாங்கல" என்று முழுதாக, ஒரு எழுத்துப் பிசகாமல், ராகத்தோடு. நான் அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

மூளையில் ஏதோ ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் அக்காவின் வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாய்க்குத்தான் வருவதில்லை என்றார்கள். தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் 'த... த...' என்று நின்றுவிடும். இடது கையால் தலையணையைக் குத்துவாள். நாள் முழுக்க வாய் ஓயாதவள் அவள். எனக்கு எட்டு வயதில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, என்னைக் குளிப்பாட்டியது, அடித்தது, படிக்க வைத்தது, லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டது எல்லாம் அந்த வாய்தான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். வயது முப்பதுகூட இராது. அவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பேச்சு மூளையில ஒரு பக்கம் இருக்கு. பாட்டு இன்னொரு பக்கத்தையும் பிடிச்சுக்கிட்டிருக்கு. அந்தப் பக்கம் கெடல. இவங்க எப்பவும் முணுமுணுக்கிற மெட்டு ஏதாவது இருக்கா?"

இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் பெரிய லாண்டிரியில் அக்கா இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். அங்கே நீராவி அறை என்று ஒன்று உண்டு. ஆள் உயர இஸ்திரி மெஷின் 'டப்' என்று இறங்கி 'ஸ்ஸ்' என்று எழும். மூன்று பேர் சேர்ந்து அந்த மெஷினைக் கட்டி மேய்க்க வேண்டும். அக்கா, பக்கத்து மேசைக்காரி, எதிர் மேசைக்காரி. மூன்று பேரும் மூன்று தேசம். ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்தச் சத்தத்தில் காதில் விழாது. ஆனால் சொல்ல வேண்டிய விஷயங்கள் இருந்தன. விரிப்பு வருகிறது, கையை எடு, சூடு, நீ போய்ச் சாப்பிடு. பக்கத்து மேசைக்காரி தன் ஊர் மெட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொடுத்தாள். எதிர் மேசைக்காரி தன் ஊரிலிருந்து அடுத்த துண்டை ஒட்டினாள். எங்கள் அக்கா கடைசியில் ஒரு 'ஓஹோய்' சேர்த்தாள். தாளத்துக்கு மெஷின். வார்த்தை அவரவர் பாஷையில், அன்றைக்கு என்ன தேவையோ அது. மெட்டு எந்த இடத்தில் ஏறுகிறது என்பதை வைத்தே சூடா, சாப்பாடா என்று கண்டுகொள்வார்கள். இருபத்தாறு வருஷத்தில் மூன்று பேரில் ஒருத்தருக்கும் விரல் போகவில்லை.

வீட்டிலும் அதே மெட்டில்தான் எனக்கு எல்லாம். எழுந்திரு, பல் விளக்கு, பரீட்சையில் ஏன் முப்பத்திரண்டு. அக்கா வார்த்தையில்லாமல் முணுமுணுத்ததைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு, அதை டாக்டரம்மா அக்காவின் இடது கையைத் தட்டித் தட்டி முனகிக் காட்டினார். நாலாம் நாள் அக்கா என் சட்டையைப் பற்றிச் சொன்னாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. மறுநாள் வார்டு சிஸ்டர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். அரசுக் கட்டடங்களுக்குள் ஒருவர் தமக்கு உரிய இசையை மட்டுமே பாடலாம், இரவல் இசை அடையாளச் சிதைவை உண்டாக்கும், உரிய இசை எது என்பதற்கு இசை அடையாள வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே ஏழு கையெழுத்து.

"இது வைத்தியம் சிஸ்டர்" என்றார் டாக்டரம்மா.

"வைத்தியம்னா மாத்திரை கொடுங்க, யாரும் கேக்கமாட்டாங்க. பாட்டுன்னா சான்றிதழ் வேணும். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, என்னைக் கெடுத்துடாதீங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "மூணு மாசத்துக்குள்ள பேச்சப் பிடிச்சாத்தான் பிடிச்சது. அப்புறம் ரொம்பக் கஷ்டம். சீக்கிரம் வாங்கிட்டு வந்துடுங்க."

ஒரு சான்றிதழ்தானே என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வாரியத்தின் வாசலில் காவலாளி மறித்தார். உள்ளே போகிறவர்கள் அவரவர் இசையைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். எனக்கு முன்னால் நின்ற தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நாலு வரி பாடினார். அவருக்கு முன்னால் கழிவறைக் குழாய் சரிசெய்ய வந்த அம்மாள், பையைக் கீழே வைத்துவிட்டு உருக்கமாகப் பாடி, மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

"உங்க இசை?"

"எனக்குப் பாட்டு வராதுங்க."

"வராட்டி பரவாயில்ல. உங்களோடது எது? காதுல எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்குமே, அது."

யோசித்துப் பார்த்தேன். என் காதில் எப்போதும் கேட்பது ஒன்றுதான். "டிங்-டாங்" என்றேன்.

"எந்தப் பகுதி?"

"லிஃப்ட்டுங்க. கதவு திறக்கும்போது."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பதிவேட்டில் 'செங்குத்துப் பகுதி' என்று எழுதி, என்னை உள்ளே விட்டார்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். பாடலின் தாயகம் எது? தாயகத்தின் பரப்பளவு என்ன? இப்பாடலைப் பாடும்போது உம் முன்னோர் எத்திசை நோக்கி நின்றனர்? உம் மக்களின் துயரம் எந்தச் சுருதியில் அமைந்துள்ளது? தாயகம் என்ற இடத்தில் நீராவி அறை என்று எழுதினேன். பரப்பளவு, இருபதுக்குப் பதினாறு அடி. திசை என்ற இடத்தில் மெஷினை நோக்கி என்று எழுதினேன். துயரத்துக்குக் கோடு போட்டுவிட்டேன். கோடு போடக் கூடாது, துயரம் கட்டாயப் பகுதி என்று விண்ணப்பம் வாங்குகிற ஜன்னல்காரர் திருப்பிக் கொடுத்தார். 'நடுத்தரம்' என்று எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசைக்குப் பின்னால் செயலாளர், அவருக்கு இந்தப் பக்கம் சுருதி நிபுணர், அந்தப் பக்கம் தாள நிபுணர். அக்கா என்னைத் திட்டியதை என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைப் பதினோரு தடவை கண்ணை மூடிக் கேட்டார்கள். 'சட்டைய மாத்துடா, நாத்தம் தாங்கல' என்பதைப் பதினோரு தடவை மூன்று பெரிய மனிதர்கள் தலையாட்டிக் கேட்டது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து நான் போட்டிருந்ததும் அதே சட்டை.

"முதல் பகுதி கடலோர மக்களோடது" என்றார் சுருதி நிபுணர். "ரெண்டாவது பகுதி மலை மக்களோடது. நடுவுல ஒட்டுப்போட்டது தெரியுது. ரொம்ப வேதனையா இருக்கு."

தாள நிபுணர் மேசையைத் தட்டிக் காட்டினார். "பின்னால கேக்குது பாருங்க, டப்-ஸ்ஸ், டப்-ஸ்ஸ்னு அவங்க வாயாலேயே போடறாங்க. இது போர்த் தாளம். எதிரி தலை விழறது டப். உயிர் போறது ஸ்ஸ்."

"அது இஸ்திரி மெஷினுங்க" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மக்கள் தங்களோட போர்களை மறந்துடுவாங்க. ஞாபகப்படுத்தறதுதான் எங்க வேலை."

நான் செயலாளரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா பேசுவதற்கு அந்த மெட்டு ஒன்றுதான் வழி, நாள் ஓடுகிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார்கள்.

"இசைக்கு எல்லை கிடையாதுன்னு சொல்றவங்களை நான் மதிக்கிறேன். கிடையாதுங்கிறதாலதான் நாங்க இத்தனை பேர் உக்காந்து போட வேண்டியிருக்கு. இருந்திருந்தா எங்களுக்கு என்ன வேலை? ஒவ்வொரு மக்களுக்கும் ஒரு இசை. அந்த இசையாலதான் அவங்க அவங்களா இருக்காங்க. உங்க அக்கா மூணு பேரா இருக்காங்க. அது அவங்களுக்கே நல்லதில்ல."

தீர்ப்பு தபாலில் வந்தது. முதல் பகுதியைப் பாடக் கடலோர நாட்டின் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். இரண்டாம் பகுதிக்கு மலை நாட்டின் கடிதம். கடைசியில் வரும் 'ஓஹோய்' மட்டும் விண்ணப்பதாரரின் சகோதரிக்கு உரியது என ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளதால், அதை அவர் நாளொன்றுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பாடலாம்.

டாக்டரம்மா விடவில்லை. ஓஹோயை வைத்தே முயன்று பார்த்தார். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். படித்த பெண் ஒருத்தியும் வளர்த்த தம்பி ஒருவனும் எதிரே உட்கார்ந்து காலையிலிருந்து ஓஹோய் ஓஹோய் என்று கத்தினால் யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் ரகசியமாகப் பயிற்சி கொடுத்தோம். அப்படி நாலு நாள் நடந்தது. "கால் மரத்துப்போச்சு" என்றாள், "உன் பொண்டாட்டி இளைச்சிருக்கா" என்றாள். ஐந்தாம் நாள் வார்டு சிஸ்டர் கதவைத் தட்டினார். மறுபடி கேட்டால் டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார்கள் என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போனால் டாக்டரம்மா கிடையாது. நான் பாடிக் கொடுக்கலாம் என்றால், என் குரலில் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான். லிஃப்ட் மேலே போகிறதா கீழே போகிறதா என்பது மட்டும்தான் எனக்குச் சத்தத்தை வைத்துத் தெரியும்.

ஐம்பது நாள் ஆகியிருந்தது. மறுபடி வாரியத்துக்குப் போனேன். டிங்-டாங் சொல்லி உள்ளே போனேன். செயலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கை போட்டார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"உலக இசை அடையாள மாநாடு நடத்தறோம். நூத்திப் பன்னெண்டு இனம்னு புத்தகம் அச்சடிச்சாச்சு. இப்பப் பாத்து ஒரு இனம் வரலங்குது. அவங்களுக்குள்ளேயே யார் அசல்னு தகராறாம். நாற்பத்தோராம் அரங்கு காலி. உங்க அக்காகிட்ட பாட்டு இருக்கு, இனம் இல்ல. எங்ககிட்ட ஒரு இனத்துக்கு இடம் இருக்கு, பாட்டு இல்ல."

"எனக்குப் புரியலிங்க."

"நீங்க இனி ஒரு இனம். மாநாடு முடியற அன்னிக்குச் சான்றிதழ் உங்க கையில."

அவர் என் பழைய விண்ணப்பத்தைப் புரட்டினார். நீராவி அறை என்று போட்டால் உலக மேடையில் எடுபடாது, நீராவிக் குன்று என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். இருபதுக்குப் பதினாறு அடியை இருபதுக்குப் பதினாறு மைல் ஆக்கினார். நான்கு பேனா அடியில் எங்களுக்கு ஒரு மலைத்தொடர் கிடைத்தது.

"எங்க இனத்துல மொத்தம் எத்தனை பேருங்க?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு ரெண்டு."

"என் வீட்டுக்காரி?"

"அவங்க கல்யாணம் பண்ணி வந்தவங்க. பார்வையாளர் வரிசையில உக்காரலாம்."

வீட்டில் சொன்னேன். "இருபது வருஷமா உங்க துணிய நான் துவைக்கிறேன், நான் வெளி ஆளா?" என்று மனைவி கேட்டாள். அப்புறம், "அண்ணி பேசினாப் போதும், போய்க் கையெழுத்துப் போடுங்க" என்றாள். போட்டேன். அக்கா பேச வேண்டும், அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. அதற்காக ஒரு மலைமேல் பிறந்தவன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது அதற்குப் பிறகுதான். அக்காவுக்குச் சாம்பல் நிறக் கம்பளி அங்கி தைத்து வந்தது. எனக்கு அதே அங்கி, தலையில் செம்புக் குழாய் வைத்த தொப்பி. குழாய் வழியாகப் புகை வரும். எங்கள் மூதாதையரின் மகுடம் என்றார்கள். அது ஏசி மெஷினுக்குள் ஓடுகிற குழாய் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பாட்டுக்கும் திருத்தம் வந்தது. கடலோரச் சாயலையும் மலைச் சாயலையும் சுருதி நிபுணர் சுரண்டி எடுத்தார். தாள நிபுணர் மெஷினை எடுத்துவிட்டு முரசு வைத்தார். வாரியத்தின் பாடல் குழு நாற்பது பேர், எங்களைப் போல இருபது மடங்கு ஜனத்தொகை, தினமும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஒத்திகை பார்த்தார்கள்.

*ஆவி எழும் குன்றினிலே ஆதியிலே நாம் பிறந்தோம்*
*அன்றுமுதல் இன்றுவரை அதே சுரத்தில் நாம் நிறைந்தோம்*

"அக்கா இந்த வார்த்தையெல்லாம் பாடினதே இல்லீங்க" என்றேன்.

செயலாளர் பொறுமையாக விளக்கினார். "உங்க அக்கா தினம் ஒரு வார்த்தை போட்டுப் பாடறாங்க. கால் வலிக்குதுங்கறாங்க, ஜன்னலைச் சாத்துங்கறாங்க. அப்படிப் பாடினா அது பேச்சு. பாரம்பரியம்னா வார்த்தை மாறக் கூடாது."

மாநாட்டு மண்டபம் விமான நிலையம் போல இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு அரங்கு, நூற்றுப் பன்னிரண்டு உடுப்பு. எல்லாரும் ஒரே நேரத்தில் தங்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்ததால் எதுவும் காதில் விழவில்லை. நாற்பதாம் அரங்குக்காரர் தோள் அளவு மேளம் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பாஷை கொஞ்சம் பேசினார். ஊரில் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையாம்.

"எங்க ஊர்ல இப்ப இதை யாரும் அடிக்கிறதில்லீங்க. நானே போன வாரம்தான் கத்துக்கிட்டேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா அடிக்க அடிக்க அழுகை வருது. எதுக்குன்னே தெரியல" என்றார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

வாரியத்தின் தலைவர் பேசினார். அவருக்கு முன்னால் பன்னிரண்டு மைக்.

"ஒரு மனுஷனை முகத்தை வெச்சு அறியலாம்னு சொல்வாங்க. முகம் பொய் சொல்லும். பாட்டு பொய் சொல்லாது. அதனாலதான் பாட்டை நாங்களே எழுதிக் கொடுத்துடறோம். உலகத்துல எல்லா மக்களும் சமம். அந்தச் சமத்துவத்தை அரங்கு எண் வாரியா நாங்க காப்பாத்திட்டு வர்றோம். ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் கேக்கலாம், ரசிக்கலாம், கண்ணீர் விடலாம். முணுமுணுக்க மட்டும் கூடாது. முணுமுணுப்புலதான் நாகரிகங்கள் அழிஞ்சிருக்கு."

கை தட்டல் அடங்கியதும் எங்கள் அரங்கைக் காட்டினார்கள். நாற்பது பேர் பாடினார்கள். அக்கா சக்கர நாற்காலியில் அங்கிக்குள் உட்கார்ந்திருந்தாள். பாட்டு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று புருவத்தைச் சுருக்கினாள். எனக்குத் தலைமேல் புகை போய்க்கொண்டிருந்தது.

அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கிட்டே வந்து அக்காவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, நாற்பது பேர் பாடுவதை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளுகிற மாதிரி காட்டிவிட்டு, பழைய மெட்டை எடுத்தாள். அவள் பாஷையில். எனக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் ஏறுகிற இடம் தெரிந்தது. சூடு, கையை எடு. எதிர் மேசைக்காரி.

அக்கா வாயைத் திறந்தாள்.

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன், நீ பாத்துக்கோ" என்று பாடினாள். "என்னடி இப்படி நரைச்சுப் போயிட்டே, பல்லு எங்கடி" என்று பாடினாள். இடது கையால் நாற்காலியைத் தட்டினாள், டப், ஸ்ஸ். அவள் கேட்க இவள் சொல்ல, இவள் கேட்க அவள் சொல்ல, ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாமல் இரண்டு பேரும் அடித்துப் பிடித்துப் பேசினார்கள். "வீட்டுக்குப் போகணும்டி, தம்பிகிட்டச் சொல்லு, இந்தக் கம்பளி அரிக்குது." அறுபது நாளில் அவள் சேர்த்து வைத்த பேச்செல்லாம் வந்தது. எங்களோடு வந்திருந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

காவலர் இரண்டு பேர் வந்து எதிர் மேசைக்காரியின் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். அவள் மலை நாட்டுக்காரி. மலை நாட்டுக்குப் பதினேழாம் அரங்கு. "பதினேழாம் அரங்கு ஆள் நாற்பத்தோராம் அரங்குப் பாட்டைப் பாடறாங்க" என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். செயலாளர் ஓடி வந்தார்.

"இது அடையாளத் திருட்டும்மா. அதுவும் தப்பாப் பாடறீங்க."

அவளை அழைத்துக்கொண்டு போனார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். அக்கா பாதி வார்த்தையில் நின்றாள். சத்தத்தை மறைக்க நாற்பது பேரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. இதை மறைத்து எழுத விருப்பமில்லை. சான்றிதழில் அன்று சாயங்காலம் கையெழுத்தாக வேண்டும். டாக்டரம்மா சொன்ன மூன்று மாதத்தில் முப்பது நாள்தான் மிச்சம். நான் தலையில் குழாயோடு அப்படியே நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம் போட்டது. பின்பக்கம் நிபந்தனைகள். சான்றளிக்கப்பட்ட வடிவத்தையே பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். அங்கீகாரமற்ற வார்த்தை நோயாளியின் வாயில் வந்தால் உடனே திருத்த வேண்டும். இதற்கென வாரியத்தின் குரல் பயிற்சியாளர் தினமும் இரண்டு வேளை வருவார். பேச்சுப் பயிற்சி டாக்டர் உடன் இருந்து குறிப்பெடுக்கலாம்.

பயிற்சியாளர் நேரம் தவறாத மனிதர். காலை பத்து மணி, மதியம் மூன்று மணி. கையில் சின்னக் குச்சி. அக்கா 'தண்ணி' என்று ஆரம்பித்தால் குச்சியால் கட்டில் கம்பியைத் தட்டுவார். "தண்ணி இல்லம்மா. ஆவி." மறுபடி. "ஆவி எழும்." மறுபடி. முதல் வாரம் அக்கா அவரைப் பார்த்துத் திட்டினாள். நல்ல திட்டு, எழுத முடியாது. கம்பியைத் தட்டினார். இரண்டாம் வாரம் திட்டு பாதி வந்தது, மீதியில் குன்று வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் வாரம் வாயைத் திறப்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டரம்மா மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது, வாரியம் வாழ்த்துத் தெரிவித்திருந்தது. நான் எதிர் மேசைக்காரியைத் தேடிப் போனேன். ஒரு பஸ் டிப்போவில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் ஜாடை காட்டி அக்காவிடம் வரச் சொன்னேன். அவள் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். இனிப் பாடுவதில்லை என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள்.

ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரம், நானே பாடிக் கொடுத்துவிடலாம் என்று அக்காவின் காதருகே குனிந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கேட்ட மெட்டு. எழுந்திரு, பல் விளக்கு. வாயைத் திறந்தேன். எனக்கு வந்ததும் குன்றுதான்.

தொண்ணூறாவது நாள் தலைவரே வந்தார், புகைப்படக்காரரோடு. அக்கா பாட்டு முழுவதையும் தங்குதடையில்லாமல் பாடினாள். 'ஆதியிலே' என்பதில் உச்சரிப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேஸ் தாளில் 'பேச்சு: மீண்டது' என்று எழுதினார்கள். டாக்டரம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டினார்கள். அவர் பேனாவை வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போட்டார். அடையாளப் பாடல் ஒலிக்கும்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்ற புதிய சுற்றறிக்கையைத் தலைவர் தன் கையாலேயே வார்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவசரமாகப் பிடித்தாள். முகம் வேர்த்திருந்தது. ஏதோ வேண்டும், இப்போதே வேண்டும். கண்ணால் என்னைக் கெஞ்சிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

*ஆவி எழும் குன்றினிலே...*

"என்னக்கா, வலிக்குதா? எங்க வலிக்குது? நெஞ்சா?"

*ஆதியிலே நாம் பிறந்தோம்...*

"டாக்டரக் கூப்பிடவா? அக்கா, தலையாவது ஆட்டு."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாவா, இல்லையா என்று தெரியவில்லை. நாக்கை மடித்து வேறு ஏதோ சொல்லப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. வந்தது அடுத்த வரிதான், சுருதி சுத்தமாக. பக்கத்துக் கட்டில் அம்மா வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார். ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். வார்டு சிஸ்டர் வாசலிலிருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார், எழுந்திருங்க என்று.

எழுந்து நின்றேன். அக்கா விடாமல் பாடிக்கொண்டே என் கையைக் கீழே இழுத்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.